ஒரே மதிப்பெண்ணுக்குள் நான்கு தேர்வுகள்: உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்தில் கேட்டலும் வாசிப்பும்

(லிட்டில் இந்தியாவில் கூடிய பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. அதிலும் தேக்கா சந்தைக்குப் போக வேண்டும், வீட்டு வேலை பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து தேர்ச்சி அறிக்கை கொண்டு வருகிறது. ஆங்கிலம் என்று போட்டு எதிரே ஓர் எண் இருக்கிறது. 48 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திட்டுகிறீர்கள், பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, அடுத்த மாதம் துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஆனால் அந்த 48 எங்கே விழுந்தது, எங்கே எழுந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பல வேளைகளில் துணைப்பாட ஆசிரியருக்கும் தெரியாது. அவர் பாட்டுக்குக் கட்டுரை எழுத வைத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஓர் எண்ணுக்குள் நான்கு தேர்வுகள் இருக்கின்றன. 2023 முதல் நடப்புக்கு வந்த சாதாரண நிலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் எழுத்துக்கு 35 விழுக்காடு, கருத்தறிதலுக்கு 35, கேட்டல் கருத்தறிதலுக்கு 10, வாய்மொழித் தேர்வுக்கு 20. கேட்டலையும் வாசிப்பையும் கூட்டினால் 45. கிட்டத்தட்டப் பாதி! நம் வீடுகளில் இந்தப் பாதியைப் பற்றிப் பேச்சே இல்லை. "பையன் இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறானா, கட்டுரை எழுதுகிறானா" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலை என்ற தனித்தனிச் சான்றிதழ்கள் போய், எல்லோருக்கும் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்று அறிவித்திருக்கிறார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து ஜி1, ஜி2, ஜி3 என்று பாடவாரியாகப் படிக்கிறார்கள். பெயர் மாறுகிறது. கேட்டலும் வாசிப்பும் எங்கும் போய்விடவில்லை.

இந்த ஒரு பாடத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான கூட்டலில் ஆங்கிலத்தை விட்டுவிட முடியாது, அது கட்டாயம். தொடக்கக் கல்லூரிக்கு முதல் மொழி என்ற இடத்தில் உயர்தமிழைக்கூடக் கணக்கில் வைக்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. ஆனாலும் ஆங்கிலத்தில் குறைந்தது சி6 வேண்டும். கணிதத்தில் ஏ1 வாங்கிய பிள்ளையும் ஆங்கிலம் சரிந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இது எப்படி வந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி, தமிழை வழிமொழியாகக் கொண்டு நடந்த கடைசி உயர்நிலைப் பள்ளி. 1982இல் அதை மூடினார்கள். 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டுவிட்டன. அன்று முதல், வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளையும், அம்மாவிடம் தமிழில் மட்டும் பேசி வளரும் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியர்களில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 59.2 விழுக்காடு. தமிழ் என்று சொன்னவர்கள் 27.9. பத்தாண்டுக்கு முன் அது 36.7 ஆக இருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த 28 பேரில் சேர்ந்தவர்கள்.

நமக்கு எளிய வினாத்தாள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குத்தான் அவமானம். அந்த வினாத்தாள் எதைச் சோதிக்கிறது என்பது நமக்கும் தெரிய வேண்டும். அதுதான் என் கோரிக்கை.

இப்போது எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயம். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்றால் உடனே ஓர் அறிவுரை சொல்வார்கள்: "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள்." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிநேரம் பாதுகாவல் வேலை பார்த்துவிட்டு வரும் அப்பா, தனக்குத் தெரிந்த இருநூறு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளையோடு எதைப் பேசுவார்? "ஈட் ஆல்ரெடி? ஹோம்வொர்க் டன்?" பேச்சு அதோடு நின்றுவிடும். அதே அப்பா தமிழில் பேசினால் துறைமுகத்தில் பளுதூக்கி எப்படி வேலை செய்கிறது, மேற்பார்வையாளர் ஏன் பொய் சொன்னார், ஊரில் கிணறு வற்றியபோது தாத்தா என்ன செய்தார் என்று அரைமணி நேரம் போகும். காரணம், விளைவு, மனிதர்களின் உள்நோக்கம் எல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருக்கின்றன. கருத்தறிதல் தாளில் கேட்கப்படுவதும் இவைதாம்!

இது என் சொந்தச் சரக்கு மட்டும் அல்ல. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தை மழமழவென்று வாசித்துவிடுவார்கள். பக்கத்து அறையிலிருந்து கேட்கும் நமக்குப் பெருமையாக இருக்கும். வாசித்தது மண்டைக்குள் போனதா என்பது வேறு கேள்வி. 2023 பாடத்திட்டத்தில் வாய்மொழித் தேர்விலிருந்து உரக்க வாசித்தலையே எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பெருமைக்கு இப்போது தனி மதிப்பெண்ணும் கிடையாது.

இன்னொரு சோதனை, 1988இல் அமெரிக்காவில் நடந்தது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். பத்தியை நன்றாக நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னவர்கள் இரண்டாவது பக்கத்தவர்களே. விஷயம் தெரிந்தவனுக்கு மொழி வழிவிடுகிறது. உலக விஷயம் எந்த மொழியில் தலைக்குள் போனாலும், ஆங்கிலத் தேர்வு மண்டபத்தில் அது உதவிக்கு வரும். அதைத் தமிழில் கொடுக்க உங்களால் முடியும். ஆகவே வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்.

சரி, ஆங்கிலம் தெரியாத பெற்றோர் ஆங்கிலத் தேர்வு வைக்க முடியுமா? முடியும்.

பிள்ளையை ஓர் ஆங்கிலச் செய்தியைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதும், வானொலியோ கைபேசியோ எதுவானாலும் சரி. ஒரே முறைதான். முடிந்ததும், "என்ன சொன்னார்கள், எனக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். நீங்கள்தான் தேர்வாளர். ஆங்கிலம் தெரியாதது இங்கே உங்களுக்கு ஒரு வசதி. உங்களுக்கு உண்மையிலேயே விஷயம் தெரியாது, ஆகவே பிள்ளை புரியும்படி சொல்லியாக வேண்டும். "யார் செய்தது? எப்போது? ஏன்?" என்று குடையுங்கள். "அது... ஏதோ... அந்த ஆக்சிடென்ட்" என்று இழுத்தால், காது கேட்டது, மனம் கேட்கவில்லை என்று பொருள். தமிழில் சரளமாகச் சொல்ல முடிகிற பிள்ளை அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டது என்று தாராளமாக நம்பலாம். தமிழும் வளரும், அது லாபம்.

ஒரே முறை என்று ஏன் சொன்னேன் தெரியுமா? கேட்டல் தாளின் கடைசிப் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்க வேண்டும். நம் வீடுகளில் தொலைக்காட்சி ஒரு பக்கம், குழம்பு கொதிக்கும் சத்தம் ஒரு பக்கம், கைபேசி ஒரு பக்கம். "என்னது, திரும்பச் சொல்" என்று கேட்டே வளர்ந்த காது, ஒரு முறைக்குப் பழகியிருக்காது. இன்னொரு தந்திரமும் உண்டு. பேசுபவர் முதலில் செவ்வாய்க்கிழமை என்பார், பிறகு "இல்லை, அன்று மண்டபம் கிடைக்கவில்லை, மறுநாள் வைத்துக்கொள்வோம்" என்பார். அவசரக்காரப் பிள்ளை செவ்வாய் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். கேள்விகளை முன்கூட்டியே படித்து, எதைக் காதில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்பது பழக்கத்தால் வரும். பத்து விழுக்காடுதான் என்று இதை ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் நான்கில் மிகக் குறைந்த உழைப்பில் ஏற்றக்கூடியது இதுதான்.

காது சரியாகக் கேட்காத பிள்ளையாக இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசியத் தேர்வுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்பு ஏற்பாடு உண்டு. பள்ளி வழியாக, மருத்துவச் சான்றோடு, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முதல் வாரம் போய் நின்றால் முடியாது.

இனி வாசிப்பு. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். ஓர் உதாரணம் நானே சொல்கிறேன். உணவங்காடியில் ஒருவர் கடை வைத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கே பாதி ஷட்டரை இறக்குகிறார். விற்காத வடைகளைப் பையில் போடுகிறார். பக்கத்துக் கடையில் நிற்கும் நீண்ட வரிசையின் பக்கம் திரும்பாமல் கால்களை இழுத்துக்கொண்டு நடக்கிறார். கேள்வி: அவர் மனநிலை என்ன, எந்தச் சொற்களிலிருந்து தெரிகிறது? பத்தியில் "அவர் வருத்தமாக இருந்தார்" என்ற வாக்கியமே இல்லை. பிள்ளை அதைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, கண்ணில் பட்ட ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறது. கேள்வியோ "உன் சொந்தச் சொற்களில் எழுது" என்கிறது. மதிப்பெண் பூச்சியம்.

"வாக்" என்றால் நடப்பது என்று பிள்ளைக்குத் தெரியும். "டிரட்ஜ்" என்றால் களைத்துப்போய்க் காலை இழுத்து நடப்பது, "ஸ்ட்ரோல்" என்றால் காற்றாட உலாவுவது என்ற வேறுபாடு தெரிந்தால்தான் அந்த மனிதரின் வருத்தம் தெரியும். ஆங்கிலம் இதைப் போலச் சின்னச் சின்ன வினைச்சொற்களுக்குள் உணர்ச்சியை ஒளித்து வைக்கிற மொழி. உதவியில்லாமல் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் சொல்லும் அளவு. நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் பிள்ளையை ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். நூறு சொல்லுக்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், தனியாகப் படிக்க அந்தப் புத்தகம் கடினம். அதைவிட எளியதை எடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை தொடக்கநிலைப் புத்தகம் படித்தால் குற்றமில்லை. (பென்சிலால் கோடு போடாதீர்கள், நூலகத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.)

வீட்டில் இடமில்லை, சத்தம் என்பவர்களுக்கு விக்டோரியா தெருவில் தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். குளிர்சாதனம், மேசை, நாற்காலி எல்லாம் இலவசம். பீட்டி சாலையில் சிண்டாவும் இருக்கிறது. 1991இல் தொடங்கியது. துணைப்பாட வகுப்புகளில் ஆங்கிலமும் உண்டு. சங்கோஜப்படாதீர்கள், உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதாமாதம் அதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். தர்மம் கேட்கப் போகவில்லை.

கடைசியாகப் பள்ளி. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் ஆசிரியர் எதிரே உட்கார்ந்ததும் நம்மவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுகிறோம். நமது அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, இன, சமயச் சிறுபான்மையினரின் நலன்களைத் தொடர்ந்து பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரை மிரட்டச் சொல்லவில்லை. அவரும் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்தான். ஆனால் கேட்பதற்கு நமக்குத் தகுதி இருக்கிறது என்ற நினைப்போடு உட்காருங்கள். "நான்கு தாள்களிலும் தனித்தனியாக எவ்வளவு? கருத்தறிதலில் கதைப் பகுதியில் போனதா, கட்டுரைப் பகுதியில் போனதா, சுருக்கி எழுதுவதில் போனதா? கேட்டலில் குறிப்பெடுக்கும் பகுதி எப்படி?" இவ்வளவும் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தன் மதிப்பெண்ணைத் தானே மொழிபெயர்க்கும்போது பிள்ளைக்கும் கொஞ்சம் உறைக்கும். ஆசிரியர் சுருக்கமாக, "வொக்கபுலரி வீக்" என்று முடித்தால் விடாதீர்கள். எந்தக் கேள்வியில் என்று விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நாம் கூடும்போது தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவர வேண்டாம். ஆங்கிலக் கருத்தறிதல் விடைத்தாளைக் கேட்டு வாங்கிக் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு கேள்வியாக உட்கார்ந்து பார்ப்போம்.