பிரபுவும் வேட்டைநாயும்



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவதென்றால், காணாத ஒன்றைச் சொல்லால் காட்ட வேண்டும். ஆகவே, நான் கூறுவதைக் கேட்டு உங்கள் மனத்தில் ஒரு படத்தை வரைந்துகொள்ளுங்கள்.

ஏறத்தாழ 7 அடி உயரமுள்ள சீலை. அதில் கருநிற உடையணிந்த இளம் பிரபு ஒருவர் நிற்கிறார். தோளில் புரளும் பொன்னிற முடி. பின்னல் வேலைப்பாடமைந்த வெண்ணிறக் கழுத்துப்பட்டி. மேலங்கியில் பெரியதொரு வெள்ளி நட்சத்திரம். மெலிந்த வேட்டைநாய் ஒன்று அவர்மீது சாய்ந்து, அவர் முகத்தை அண்ணாந்து நோக்குகிறது. அவருடைய கை அதன் தலைமேல் இருக்கிறது. இவர்தாம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பிரபு. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் உறவினர். ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்த ஓவியர் வான் டைக் 1633-35 அளவில் இதனைத் தீட்டினார். இன்று இது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், இப்படத்தின் அச்சுப் பிரதியை வகுப்பில் காட்டி, “செருக்கின் வடிவத்தைப் பாருங்கள்!” என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்த நட்சத்திரம் அவரே அணிந்துகொண்டதா, பிறர் கொடுத்ததா?” என்று வினவினான். விடை தெரியாமல் நின்றேன். அன்று மாலையே நூலகத்தை நாடினேன்.

அது கார்ட்டர் என்னும் வீரர் குழுவின் சின்னம். அக்காலத்தில் மன்னரையும் சேர்த்து 26 பேருக்கு மேல் அதில் இடமில்லை. 1633-இல் அப்பெருமை இவருக்குக் கிட்டியது. அதனை அறிந்தபின் படமே எனக்கு வேறாகத் தோன்றியது. நாய் தன் தலைவரைப் பார்க்கிறது. தலைவரோ தம் மன்னரின் சின்னத்தைத் தாங்கி நிற்கிறார். ஆளுபவராக நான் கண்டவர், ஒருவருக்குக் கட்டுப்பட்டவரும் ஆவார்.

1649-இல் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். விண்ட்சரில் அவரை அடக்கம் செய்தபோது உடனிருந்த சில பிரபுக்களுள் இவரும் ஒருவர். எனினும் அந்தத் துயரத்தை இப்படத்தில் தேடுதல் தவறு. வான் டைக் 1641-லேயே மறைந்துவிட்டார். மேலும், பிரபுவை உயர்த்திக் காட்டுவதே இத்தகைய படங்களின் நோக்கம் என்பதையும் மறத்தலாகாது. பார்ப்பவர் தாழ நின்று அண்ணாந்து காண்பதுபோல் ஓவியர் உருவத்தை அமைத்திருக்கிறார். செருக்கும் அங்கு உண்டு, விசுவாசமும் உண்டு.

மாணவர்களே! படமாயினும் மனிதராயினும், முதலில் உற்றுப் பாருங்கள், அடுத்து வினவுங்கள், தீர்ப்பைக் கடைசியில் வையுங்கள். இம்முறையை எனக்குக் கற்பித்தவன் என் மாணவனே.