பயந்தவன் காதலித்த கதை

2000-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'தெனாலி' படத்தை யாரிடம் கேட்டாலும், வயிறு வலிக்கச் சிரித்தோம் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் இலங்கைப் போரில் ஆனையிறவு ராணுவ முகாம் விடுதலைப் புலிகள் கைக்குப் போனது. ஏறக்குறைய அரையாண்டில், அதே போரிலிருந்து தப்பி வந்த ஒருவனைக் கதாநாயகனாக்கி, கொடைக்கானல் குளிரில் ஒரு காதல் நகைச்சுவைப் படம்! இயக்குநர் கே.எஸ்.ரவிக்குமாருக்கு நெஞ்சுரம்தான்.

கதையின் சட்டகம் இரவல். 'வாட் அபௌட் பாப்' என்று 1991-இல் வந்த அமெரிக்கப் படம். விடுமுறைக்குப் போன மனநல மருத்துவரை விடாமல் துரத்திப் போகும் நோயாளியின் கதை. அந்த நோயாளி சும்மாவே பயப்படுகிறவர். நம் தெனாலி சோமனுக்கோ பயப்படக் காரணம் இருக்கிறது. காட்டில் ஆரம்பித்து, குளத்து நண்டு, பூச்செண்டுக்குள் இருக்கும் வண்டு வரை எதுகை மோனையோடு அவன் தன் பயங்களை அடுக்குகிறானே, அந்த இடத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கிரேசி மோகனின் வசனம், கமல்ஹாசன் மூச்சு வாங்கும் விதம் இரண்டும் சேர்ந்து நம்மைச் சிரிக்க வைக்கின்றன. நண்டுக்கும் வண்டுக்கும் பயப்படுகிறவன் எதையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருப்பான் என்ற நினைப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. படத்தின் உச்சம் என்றால் எனக்கு அந்த இடம்தான்.

தெனாலி பேசும் இலங்கைத் தமிழ் வழக்கைக் கமலுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பி.எச்.அப்துல் ஹமீது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலங்கை வானொலியில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்த வீடுகள் இங்கே எத்தனையோ. ஒரு வானொலிக்காரர் கற்றுக்கொடுத்த தமிழ் சினிமாவில் ஜெயித்தது என்பதில், இந்த ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காதலுக்கு வருவோம். மருத்துவர் கைலாஷாக ஜெயராம்; அவருடைய தங்கை ஜானகியாக ஜோதிகா. அண்ணனுக்கு எவனைக் கண்டாலே எரிகிறதோ, அவன் மேல்தான் தங்கைக்குப் பிரியம். ஜானகி அவன் மேல் இரக்கப்பட்டுக் காதலிக்கவில்லை, அவன் பேச்சில் சிரித்துச் சிரித்துத்தான் மனதைக் கொடுக்கிறாள். அகதி என்றால் கண்ணீர் மட்டும்தான் என்றிருந்த திரையில் இது புதுசு. ஆனால் பிற்பாதியில் படம் வெறும் துரத்தலும் வெடிகுண்டுமாக ஓடுகிறது. தெனாலியின் ஊர் மறந்தே போய்விடுகிறது.

இன்னொன்றையும் படம் தொடவே இல்லை. தெனாலி எந்த அகதி முகாமிலிருந்து வந்தான்? பெரம்பலூர்க்காரர்களுக்குத் துறைமங்கலம் முகாம் தெரியும். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட இப்படிப்பட்ட முகாம்களை, 2021-இலிருந்து மறுவாழ்வு முகாம் என்கிறோம். முகாமில் இருப்பவருக்குக் கணக்கெடுப்பு உண்டு, உதவித்தொகை உண்டு, கண்காணிக்கக் கியூ பிரிவு போலீஸ் உண்டு. அனுமதி இல்லாமல், நினைத்தவுடன் கொடைக்கானலுக்குப் பஸ் ஏற முடியாது. தெனாலியோ ஏறிவிடுகிறான். நகைச்சுவைக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கலாம். ஆனால் அனுமதிச் சீட்டுக்கு அலையும் ஒரு காட்சியைக் கிரேசி மோகன் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! அவர் 2019-இல் மறைந்துவிட்டார்.

கால் நூற்றாண்டு கழித்து, 2025 மே முதல் தேதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய படம். இந்தத் தடவை விரட்டியது போர் இல்லை, இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி. சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு படகில் வந்து இறங்கி, சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறார்கள். தெனாலி எந்தத் தமிழைப் பேசிக் கைதட்டல் வாங்கினானோ, அதே தமிழ் வாயில் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இவர்கள் அடக்கி வாசிக்கிறார்கள். இதில் காதல் ஓரமாகத்தான் வருகிறது. அக்கம்பக்கத்தார் மனசு இளகுவதுதான் கதை. போலீஸ் பயம் கடைசிவரை கூடவே வருவதால், 'தெனாலி' தவறவிட்டதை இந்தப் படம் பிடித்துவிட்டது என்பேன். சிரிப்பில் மட்டும் 'தெனாலி'க்குப் பக்கத்தில் வரமுடியாது.

இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கணக்கு ஓடியது. குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு இங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்களை அரசு அந்தக் கணக்கில்தான் சேர்த்தது. தெனாலியும் ஜானகியும் 2000-இல் கல்யாணம் செய்து அடுத்த வருஷமே பிள்ளை பெற்றிருந்தால், பிள்ளை இந்தியக் குடிமகன். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யின் மூத்த மகன் சென்னையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டால், அவன் பிள்ளைக்கு அந்தக் குடியுரிமை கிடையாது. கல்யாணத்தோடு 'சுபம்' போட்டுவிடுவது காதல் நகைச்சுவைப் படங்களின் வழக்கம். துறைமங்கலத்தில் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு படத்தை ஆரம்பிக்கிற இயக்குநர் யாராவது வந்தால், முதல் நாள் முதல் காட்சிக்கே நான் டிக்கெட் எடுத்துவிடுவேன்.