உரிமப் பத்திரத்தை செக்கைப் போலப் படியுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் பேச எழுந்தால் வைப்புத் தொகை, நாமினி, லாக்கர் சாவி என்றுதான் பேசுவேன். இந்த முறை வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர் போன மாவட்டத்தில், குரும்பலூரில் உட்கார்ந்துகொண்டு, அறுபது வயது தாண்டிய ஒரு பழைய வங்கிக் குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுக்கும் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பிலேயே நான்கைந்து வீடுகளிலிருந்து வெளிநாட்டு ஆன்லைன் சந்தைகளில் பொருள் விற்கிறார்கள். அவர்களில் என் தங்கை மகளும் ஒருத்தி.

அவள் நூலில் குரோஷா போட்டு பொம்மை பின்னுகிறாள். யானை, மயில், தஞ்சாவூர்த் தலையாட்டி மாதிரி எல்லாம் செய்வாள். போன வருடம் ஒரு பிரபலமான கேமில் வரும் பாத்திரத்தைப் பின்னிப் பார்த்துவிட்டு, "மாமா, இதையும் கடையில் போடட்டுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குரும்பலூர்ப் பெண் பின்னும் பொம்மையை எந்தக் கம்பெனிக்காரன் வந்து பார்க்கப் போகிறான், போடும்மா" என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் சொன்ன யோசனை அது.

அந்த பொம்மைதான் அதிகம் விற்றது. மூன்றாவது மாதம் உரிமையாளரிடமிருந்து புகார் போனது. பதிவு நீக்கப்பட்டது, கடையும் முடக்கப்பட்டது. யானை, மயில் விற்ற பணமும் சேர்த்து 38,000 ரூபாய் அங்கேயே நின்றுவிட்டது. இதில் அந்தச் சந்தையைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் அந்தப் பதிவை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் தளமும் வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் முதலில் நீக்கிவிடுவார்கள், பேச்சு பிறகுதான்.

இந்தக் கவலையில் அவள் இருக்கும்போது அலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டில் ஆன்லைனில் விற்பவர்களுக்கு மட்டும் அரிய வாய்ப்பாம். உலகப் புகழ் பெற்ற கேமின் அதிகாரப்பூர்வக் கூட்டாளி ஆகலாமாம். இடங்கள் குறைவு, மூன்று நாளுக்குள் பதிவுக் கட்டணம் 45,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள். அடகு வைக்கும் முன் நகைக்கடன் வட்டியைக் கேட்க என்னிடம் வந்ததுதான் நல்ல வேளை.

இப்படிப்பட்ட கூட்டு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. 2012 முதல் லெகோ நிறுவனம் மைன்கிராஃப்ட் கேமை வைத்து கட்டைப் பொம்மைகள் விற்கிறது. 2019இல் லூயி விட்டான், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டிக் கோப்பைக்குப் பெட்டி செய்து கொடுத்தது. நம் பிள்ளைகள் ஆடும் பி.ஜி.எம்.ஐ. கேமுக்குள் 2025இல் மஹிந்திராவின் மின்சாரக் காரும், சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு பைக்கும் வந்தன. கேமுக்குப் புதுமை கிடைக்கிறது, பொருளுக்கு விளம்பரம் கிடைக்கிறது. பாத்திரத்தை ஏற்கெனவே கோடிப் பேர் அறிந்திருப்பதால் பொருள் சீக்கிரம் விற்கும். அந்த அறிமுகத்துக்குத்தான் உரிமையாளர் ராயல்டி கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.

ஆகவே கேள்வி, வந்த தாள் நல்ல தாளா என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை செக்கைப் படிப்பது. அந்தச் செய்தியையும் அப்படித்தான் படித்தேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

முதலில் கையெழுத்து. கணக்கு யாருடையதோ அவர் கையெழுத்து இல்லாத செக் வெறும் காகிதம். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் தர வேண்டும். இடையில் ஏஜெண்ட் இருந்தால், உரிமையாளர் அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். பிறகு கேம் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, "இவர் உங்கள் ஆள்தானா?" என்று கேளுங்கள். ஏஜெண்ட் கொடுத்த எண்ணிலேயே கேட்டால், போலி செக் கொடுத்தவனிடமே அது நிஜமா என்று கேட்ட மாதிரி. எங்கள் பெண்ணுக்கு வந்த செய்தி இந்த முதல் படியிலேயே விழுந்துவிட்டது. அதிகாரக் கடிதம் கேட்டதும் பதில் வருவது நின்றது.

இரண்டாவது, யார் பெயருக்கு, எதற்கு. உங்கள் பெயர், எந்தப் பாத்திரம், எந்தப் பொருள், எந்த நாடுகளில் விற்கலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நம் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. விற்கும் எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். அமெரிக்காவில் விற்பவருக்கு அந்த உரிமத்தால் என்ன பயன்? ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, தேதி. செக் மூன்று மாதம்தான் செல்லும். உரிமத்துக்கும் ஆயுள் உண்டு. காலம் எழுதப்படாவிட்டால் நம் சட்டப்படி ஐந்து ஆண்டு. காலம் முடிந்த அன்று அலமாரியில் மிச்சமிருக்கும் சரக்கை விற்கச் சில மாத அவகாசம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தச் சரக்கு அத்தனையும் வீண்.

நான்காவது, தொகை. இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பொம்மை 2,000 ரூபாய். தளத்தின் கழிவு 300, அனுப்பும் செலவு 600, நூலும் கூலியும் 400. மீதி 700. ராயல்டி விற்பனை விலையில் 10 சதவீதம் என்றால் 200 போய் 500 நிற்கும். நல்லதுதானே என்பீர்கள். அடுத்த பக்கத்தில் 'குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஆண்டுக்கு 1,00,000' என்று ஒரு வரி இருக்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. ஒரு வருடத்தில் 100 பொம்மை விற்றால் கையில் வருவது 70,000, கட்ட வேண்டியது 1,00,000. முப்பதாயிரம் நஷ்டம். 500 பொம்மை விற்றால்தான் அந்த 10 சதவீதக் கணக்கே உண்மையாகும். கைப்பின்னலில் வருடத்துக்கு 500 முடியுமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

விற்பனை நம் கையில் மட்டும் இல்லை என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா நீக்கியது. நம் அஞ்சல் துறை அந்த நாட்டுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்தி, அக்டோபர் மத்தியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் உத்தரவாதத் தொகை மட்டும் நின்றிருக்காது. வெளிநாட்டுக்கு ராயல்டி அனுப்பினால் வரிப் பிடித்தமும் ஜி.எஸ்.டி.யும் வரும். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஐந்தாவது, கணக்கில் பணம் இருக்கிறதா. எல்லாம் சரியாக எழுதிய செக்கும் பணம் இல்லாவிட்டால் திரும்பும். கேம் விஷயத்தில் அதன் பொருள், அந்த கேம் நிலைத்து நிற்குமா என்பது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல் இங்கே தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. உள்ளூரில் விற்கச் சரக்கு அடித்து வைத்தவன் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, அது பணம் கட்டி ஆடும் கேமா என்று பாருங்கள். 2025ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி அப்படிப்பட்டவற்றுக்கு விளம்பரம் செய்தாலே சிறையும் அபராதமும் உண்டு. பொம்மையில் அதன் சின்னத்தைப் பின்னிக் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு என்னதான் செய்வது என்பீர்கள். நம்மைத் தேடி வருகிறவரை எதிர்பார்க்காமல், நாமே தேடிப் போகலாம். அதுவும் பெரிய இடத்துக்கு அல்ல, நம் அளவுக்கு ஏற்ற இடத்துக்கு. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023இல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம், இட்லி, புட்டு, அவ்வளவுதான் கதை. 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நம் இட்லித் தட்டே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நம் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரத்துண்டில் செதுக்கும் கை அது. இப்படிக் கைத்திறன் உள்ளவர்கள் ஒரு சிறு கேம் நிறுவனத்துக்கு எழுதினால் அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். நான் யார், எங்கே விற்கிறேன், மாதம் எத்தனை செய்ய முடியும், இதுவரை செய்த மூன்று பொருளின் படம், எந்தப் பாத்திரத்தைக் கேட்கிறேன், எந்த நாடுகளுக்கு, எத்தனை மாதத்துக்கு, எத்தனை சதவீதம் தர முடியும். உத்தரவாதத் தொகை இல்லாமல், விற்றதற்கு மட்டும் ராயல்டி என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மாதிரியை அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே விற்பேன் என்றும் எழுதுங்கள். சில சிறு நிறுவனங்கள் ரசிகர்கள் கையால் செய்து சிறிய அளவில் விற்க அனுமதிக்கும் விதிகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அதை முதலில் படியுங்கள். ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் 500 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினால் மதிப்பு கூடும்.

எங்கள் பெண் அப்படி இரண்டு இடங்களுக்கு எழுதினாள். ஒன்றிலிருந்து பதில் இல்லை. மற்றொன்றிலிருந்து, இப்போது எண்ணம் இல்லை, பொம்மைகள் அழகாக இருக்கின்றன, அடுத்த கேம் வரும்போது எழுதுங்கள் என்று வந்தது. வேண்டாம் என்ற பதில்தான். ஆனால் அதற்காக அவள் ஒரு பைசா செலவழிக்கவில்லை. கடை ஐந்து மாதம் கழித்துத் திறந்தது. யானையும் மயிலும் மறுபடி விற்கின்றன. சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இப்படி ஏதாவது தாள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தால், பணம் அனுப்பும் முன் என்னிடம் காட்டுங்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்பேன். பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். "யார் பார்க்கப் போகிறார்கள், போடு" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அதற்கு விலை கொடுத்தது என் தங்கை மகள்.