உள்ளிருந்து திறக்கும் கதவு



வீட்டில் பணம் காணவில்லை. "நீ எடுத்தாயா?" என்று மகனைக் கேட்கிறோம். அவன் முகம் வெளுக்கிறது, குரல் தடுமாறுகிறது. உடனே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மறைத்த நினைவைக் கண்டுபிடிக்க அறிவியலும் முயன்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன், சூரிச் நகரில் கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் 100 சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைப் பதிலாகச் சொல்ல வேண்டும். கடிகாரம் நேரத்தைக் கணக்கிடும். ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் தாமதித்தால், அங்கே ஏதோ மனத்தைத் தொடுகிறது என்பது அவர் கணிப்பு.

ஆனால் 1906-இல் வியன்னாவில் சட்ட மாணவர்களிடம் பேசிய பிராய்டு எச்சரித்தார்: குற்றம் செய்யாதவரும் குற்றவாளிபோலத் தடுமாறலாம். கேட்ட தவற்றைச் செய்யாத குழந்தை, நாம் கேட்காத வேறொரு தவற்றை நினைத்து அழுவதுண்டு. பின்னர் வந்த பொய் கண்டறியும் கருவியும் இரத்த அழுத்தத்தை, மூச்சை, வியர்வையை அளக்கிறது. பயத்தையும் பொய்யையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது.

வழக்கு விசாரணையில் மருந்து கொடுத்து உண்மையை வரவழைப்பது ஆகாது என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1953-இல் கூறினார். ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனைகளைச் செய்யக்கூடாது என்று நம் உச்ச நீதிமன்றமும் 2010-இல் தீர்ப்பளித்தது. மனித உள்ளம் பூட்டை உடைத்து நுழையும் இடமல்ல.

யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் ஆண்டவருக்குத் தெரியும். ஆயினும் அவர் விசாரணையைத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். தாகத்தோடு அமர்ந்திருந்தவரிடம் அவள் மனம் திறந்தாள். நண்பகலில் தண்ணீர் எடுக்க வந்தவள், ஊருக்குள் போய்த் தன்னைப் பற்றித் தானே பேசினாள்!

ஒப்புரவு அருளடையாளத்தில் கடிகாரம் இல்லை, கருவி இல்லை. அங்கே சொல்வது வெளியே போவதும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் நாம் வாய் திறக்கிறோம். நம் வீட்டிலும் பிள்ளைகள் உண்மை சொல்ல அப்படி ஓர் இடம் இருக்கிறதா? இன்றிரவு மகனின் முகத்தைச் சோதிக்காமல், அருகில் அமர்ந்து அவன் பேசும்வரை காத்திருப்போம். தவறாகத் தீர்ப்பிட்டிருந்தால், முதலில் நாமே மன்னிப்புக் கேட்போம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.