மீன் தெரியும், மாட்டாது: லெடோர்ட் ஓடையில் என் 60 நாள்

போன எபிசோடுல போகிற போக்கில் ஒரு வரி சொல்லிட்டேன், அமெரிக்காவுல இருந்தப்ப மீன் பிடிக்கப் போவேன்னு. அதுக்கு அப்புறம் இன்பாக்ஸ் முழுக்க அதே கேள்விதான். சரி, இன்னிக்கு அதையே பேசிடலாம். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், இது நான் மீன் பிடிச்ச கதை இல்ல.

எனக்கு மீன்பிடிப்பு என்றால் சின்ன வயசுல பவானி ஆத்தங்கரையில் அப்பா பக்கத்துல உட்கார்ந்ததுதான். மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, முள்ளுல ஒரு மண்புழு. தக்கை முங்கினா இழு. அல்காரிதமே அவ்வளவுதான்.

ஃப்ளை ஃபிஷிங் வேற ரகம். இங்க புழு கிடையாது. முள்ளைச் சுற்றி நூலும் இறகும் கட்டி, பூச்சி மாதிரி ஒரு பொம்மை செய்வார்கள். அதுதான் ஃப்ளை. அதுக்கு எடையே இல்லாததால் தூக்கி எறிய முடியாது. எடை எல்லாம் தடிமனான நூல்லதான் இருக்கு. சாட்டை வீசுற மாதிரி அந்த நூலை முன்னும் பின்னும் வீசினா, நுனியில் இருக்கிற பொம்மைப் பூச்சியும் கூடவே போய் தண்ணியில இறங்கும்.

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் வேலை பார்த்தப்ப, கூட வேலை பார்த்த ஒருத்தர் இதைக் கத்துக்கொடுத்தார். வீக்கெண்ட்ல யெல்லோ ப்ரீச்சஸ்ங்கிற ஓடைக்குப் போவோம். பண்ணையில் வளர்த்த ட்ரவுட் மீன்களையும் அங்க கொண்டுவந்து விடுவாங்க. ஒரே நாள்ல ஆறு மீன் பிடிச்சேன். நமக்கு இது கைவந்துடுச்சுன்னு ஒரு கெத்து. அவர் சிரிச்சுக்கிட்டே, "அப்போ ஒரு தடவை லெடோர்ட்டுக்குப் போய்ப் பாரு"ன்னார்.

லெடோர்ட், கார்லைல் என்ற ஊர் வழியா ஓடற ஓடை. மொத்த நீளமே சுமார் 15 கிலோமீட்டர். பல இடத்துல நம்ம தெரு அகலம்தான் இருக்கும். அலை இல்ல, பாறை இல்ல, சத்தம்கூட இல்ல. தண்ணி கண்ணாடி மாதிரி. பாசிக்கு நடுவுல பெரிய பெரிய ப்ரவுன் ட்ரவுட் நிற்பது கரையிலிருந்தே தெரியும். ஆனா உலகத்துல ட்ரவுட் பிடிக்க ரொம்பக் கஷ்டமான ஓடைகள்னு பேசறவங்க, ஐடஹோவின் ஹென்றிஸ் ஃபோர்க், சில்வர் க்ரீக் கூட இதையும் சேர்த்துத்தான் சொல்வாங்க.

மலையில் சீறிப் பாயற ஆறுதான் கஷ்டம்னு நான் நினைச்சிருந்தேன். நேர் எதிர். பாயற தண்ணியில மீனுக்கு யோசிக்க நேரம் இல்ல. எதிர்ல வந்ததைக் கவ்வணும், விட்டா போச்சு. லெடோர்ட் சுண்ணாம்புக்கல் ஊற்றுத் தண்ணி. வெயில்லயும் பனியிலயும் கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சி. அந்தத் தண்ணியில பாசி செழிப்பா வளரும், பாசி முழுக்க குட்டிக் குட்டி இறால் மாதிரி உயிரினங்கள். மீனுக்குப் பசியே கிடையாது. உங்க பொம்மைப் பூச்சி மிதந்து வந்தா, மூக்கு பக்கத்துல வரும்வரை பொறுமையா டெஸ்டிங் பண்ணிட்டுத்தான் முடிவெடுக்கும். பெரும்பாலும் ரிஜெக்ட்.

இன்னொரு சிக்கல், டிராக். பாசித் திட்டுகள் நீரோட்டத்தைப் பல இழையாகப் பிரித்துவிடும். ஒவ்வொண்ணும் ஒரு வேகம். உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல அப்படி அஞ்சு இழை ஓடுது, உங்க நூல் அஞ்சின் மேலயும் கிடக்குது. அஞ்சு த்ரெட், ஒரு லாக்கும் இல்ல! ஏதோ ஒண்ணு நூலை ஒரு விரக்கடை இழுத்தாலும் பூச்சி இயல்பில்லாம நகரும். நிஜப் பூச்சி அப்படி நகராதுன்னு மீனுக்குத் தெரியும்.

ஃபிசிக்ஸ்ல கிரிட்டிக்கல் ஆங்கிள் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? தண்ணிக்கு உள்ளேயிருந்து பார்க்கிற மீனுக்கு, மேல் உலகம் முழுக்க சுமார் 97 டிகிரி கூம்புக்குள்ள சுருங்கித் தெரியும். நின்னா அதுக்குள்ள வந்துடுவோம். அதனால முழங்கால் போட்டுத்தான் போகணும். கரையோ ஊறிப்போன சேறு. கால் அழுத்தி வச்சா அதிர்வு மீனுக்குப் போய்ச் சேர்ந்துடும். எக்ஸாமுக்காக மட்டும் படிச்ச ஸ்நெல் விதி முதல்தடவை என் ஜீன்ஸை நாசம் பண்ணது அங்கதான்.

இதெல்லாம் நான் நிதானமா கத்துக்கிட்டதுக்குக் காரணம், எனக்கு நேரம் இருந்தது. ஜூன் மாசம் ஒரு பதினஞ்சு நிமிஷ வீடியோ கால்ல வேலை போச்சு. எச்-1பி விசாவுல இருக்கறவங்களுக்குத் தெரியும், அந்த நிமிஷத்துலேர்ந்து 60 நாள். அதுக்குள்ள வேற வேலை, இல்லேன்னா பெட்டி கட்டணும். காலையில அப்ளிகேஷன், மத்தியானம் இன்டர்வியூ, சாயங்காலம் லெடோர்ட். யாரும் "ஏதாவது அப்டேட்?"னு கேட்காத ஒரே இடம் அது. வீட்டுல சொல்லல. ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணி "வேலையெல்லாம் எப்படிப் போகுது சாமி?"ன்னு கேட்பார். "போகுதுப்பா"ன்னு சொல்லிடுவேன்.

இரண்டு வாரம் ஒரு மீன்கூட என் பூச்சியைத் திரும்பிப் பார்க்கல. அங்க அடிக்கடி வர்ற ஒரு பெரியவர், மடக்கு நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் தண்ணியையே பார்த்துட்டு இருப்பார். அப்புறம் ஒரே ஒரு தடவை வீசுவார். அவர்தான் வின்சென்ட் மரினாரோ, சார்லி ஃபாக்ஸ் கதையைச் சொன்னார். அந்தக் கரையிலேயே வருஷக்கணக்கா மீன் பிடிச்ச இரண்டு பேர். மீன் எதையோ தின்னுது, ஆனா தண்ணி மேல ஒண்ணுமே தெரியல. மரினாரோ புல்லுல குப்புறப் படுத்து, கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கரைப் புல்லிலிருந்து விழுந்த எறும்பும், அரிசியைவிடச் சின்ன தத்துப்பூச்சியும் மிதந்து போய்க்கிட்டிருந்தது! அதுவரை பெரும்பாலும் தண்ணிப் பூச்சியைத்தான் காப்பியடிச்சுக்கிட்டிருந்தாங்க. இவங்க கரைப் பூச்சி பக்கம் திரும்பினாங்க. 1950ல் மரினாரோ அதைப் புத்தகமாகவே எழுதினார். என்னைக் கேட்டா, லாக் பார்க்காம பிழை தேடறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஆளு.

அந்தத் தத்துப்பூச்சிக்கு அவர் கட்டின ஃப்ளைக்குப் பேர் ஜாசிட். முதுகுல ஒரே ஒரு இறகு, தட்டையா. அது என்ன இறகுன்னு கேட்டேன். "உங்க ஊர்க் கோழிதான்"ன்னார். நம்ம சாம்பல் காட்டுக்கோழி! சத்தியமங்கலம் மலைப்பாதையில ரோட்டைக் குறுக்கே ஓடுமே, அதே சேவலோட கழுத்து இறகு. நுனியில மெழுகுச் சொட்டு மாதிரி இருக்கும். இப்போ இங்கேயிருந்து அந்த இறகை ஏற்றுமதி பண்ணத் தடை. வெளிநாட்டுல பண்ணையில வளர்த்து எடுக்கறாங்க. பெரியவர் எனக்கு ஒரு ஜாசிட் கொடுத்தார். (அந்த ப்ரவுன் ட்ரவுட்டும் அமெரிக்க மீன் இல்ல. 1883ல் ஜெர்மனியிலிருந்து முட்டையா வந்தது. விசா கேட்டாங்களான்னு தெரியல.)

52வது நாள். அன்னிக்குக் காலையில கடைசி நம்பிக்கையா இருந்த கம்பெனியும் வேணாம்னு மெயில் அனுப்பிடுச்சு. சாயங்காலம் வாட்டர்கிரெஸ் கீரைத் திட்டு ஓரமா ஒரு மீன் மேல வந்து வந்து போறதைப் பார்த்தேன். அரை மணி நேரம் முழங்கால்லயே இருந்தேன். நூலைத் தளர்வா விழ வச்சு, மூணாவது வீச்சு. ஜாசிட் அதுபாட்டுக்கு மிதந்து போச்சு. மீன் நிதானமா வாயைத் திறந்து மூடிச்சு. கம்பைத் தூக்கினேன். முழங்கை நீளம் இருக்கும் மக்களே, சத்தியமா. ஒரே ஓட்டம், நேரா பாசிக்குள்ள. நுனி நரம்பு 0.1 மில்லிமீட்டர்தான். அறுந்துடுச்சு. மொத்தம் நாலு நொடி. பிடிச்சிருந்தாலும் திரும்ப விடணும்கிறதுதான் அங்க விதி, ஆனா அந்த நாலு நொடி கை நடுங்கினது கார்ல வந்து உட்கார்ந்த பிறகும் நிக்கல.

மணி எட்டரை. பவானியில காலை ஆறு. அப்பாவுக்கு போன் போட்டேன். வேலை போயிடுச்சு, அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சரி, வா சாமி"ன்னார். அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியாம மீன் கதையைச் சொன்னேன்.

"நரம்பு கொஞ்சம் தடிமனா போட்டிருக்கலாமில்ல?"

போட்டா மீன் வராதுப்பான்னேன். ஏன் வராதுன்னு கேட்டார். பாசி, அஞ்சு நீரோட்டம், காட்டுக்கோழி இறகு, எல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு.