கலங்கல் நீரும் பாலிமரும்



புதுவெள்ளம் வந்த ஆற்றிலிருந்து ஒரு குடம் மொண்டு வையுங்கள். மணல் சீக்கிரமே அடியில் தங்கிவிடும். நுண்ணிய களிமண் துகள்கள் மட்டும் நாள்கணக்கில் மிதக்கும். அவை எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் திரளாமல் நிற்கின்றன.

நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசி அந்த நீரைத் தெளியவைத்தார்கள். கலித்தொகையிலேயே அது உவமையாக வருகிறது. அந்தக் கொட்டையில் வேலை செய்பவை நீண்ட மூலக்கூறுகள்தாம்; அப்படிப்பட்டவற்றைத்தான் பாலிமர் என்கிறோம்.

நகரக் குடிநீர் நிலையங்களில் இதே வேலைக்கு நெடுங்காலமாகப் படிகாரம் போடுகிறார்கள். படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். பல இடங்களில் சுண்ணாம்பு சேர்த்து அதை ஈடுகட்ட வேண்டும். மண்டியும் நிறையச் சேரும். பாலிடாட்மாக் போன்ற செயற்கைப் பாலிமர்கள் நேர் மின்னூட்டம் உள்ளவை. கொஞ்சம் சேர்த்தாலே துகள்கள் ஒன்றாகத் திரண்டுவிடும், மண்டியும் குறையும். ஆனால் அழுகிய இலைதழைகளிலிருந்து நீரில் கரைந்த பொருள்களை நீக்குவதில் படிகாரமே மேல். ஆகவே பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

இதில் அளவுதான் எல்லாம். பாலிமர் கூடிப்போனால் துகள்கள் எல்லாம் நேர் மின்னூட்டம் பெற்று, மறுபடி ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். நீர் கலங்கலாகவே நிற்கும், மணல் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். சரியான அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளில் அன்றைய ஆற்றுநீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்து கலந்து, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்க்க வேண்டும். ஜார் டெஸ்ட் என்பார்கள். காலையில் வந்த நீருக்குப் பார்த்த அளவு, மாலையில் வெள்ளம் வந்தால் செல்லாது. இந்தச் சோதனையை விடாமல் செய்யும் ஊழியரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. திரளைகளைப் பெரிதாக்கச் சேர்க்கும் பாலிஅக்ரிலமைடில், பாலிமராக மாறாத அக்ரிலமைடு சிறிது எஞ்சியிருக்கும்; அது நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. குடிநீரில் அது லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவில், 0.05 சதவீத எச்சம் உள்ள பாலிமரை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சேர்க்கலாம் என்பது விதி. கணக்குப் போட்டால் அதே 0.5 மைக்ரோகிராம்தான் வரும். நீரில் இவ்வளவு நுண்ணிய அளவைத் தினமும் அளப்பது எளிதல்ல. எனவே பாலிமர் மூட்டை நிலையத்துக்குள் வரும்போதே, குடிநீருக்கு ஏற்ற தரம் என்ற சான்றும் எச்ச அளவும் அதனுடன் வந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். விலை குறைவு என்று கழிவுநீர் நிலையத்துக்கான சரக்கைக் குடிநீரில் கொட்டக்கூடாது.