ஏரி ஊருக்கு, வழி யாருக்கு?

ஏரி ஒன்று இருக்கிறது. மலைகளுக்கிடையே, புல்வெளி சூழ, தெளிந்த நீரோடு இருக்கிறது. அது யாருடையது என்று கேட்டால், பொதுமக்களுடையது என்று சர்க்கார் பதிவேடு பதில் கூறுகிறது. சரி, பொதுமக்களில் ஒருவன் தூண்டிலைத் தோளிலே போட்டுக்கொண்டு அங்கே போகலாமா? போகக்கூடாது! ஏன்? ஏரியைச் சுற்றியுள்ள நிலம் ஒரு சீமானுடையது. ஏரி உன்னுடையதுதான், யார் மறுத்தார்கள்? வழிதான் என்னுடையது என்கிறார் சீமான். வானத்தில் பறந்து வந்து இறங்குவாயானால் உன் ஏரியில் நீ தாராளமாக மீன் பிடிக்கலாம்!

நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே இது என் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். இவ்வளவு விசித்திரமான காட்சியை மேடையிலே வைத்தால், கொட்டகையில் இருப்போர் நம்பமாட்டார்கள். இது நடந்தது கனடா நாட்டில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நிக்கோலா பள்ளத்தாக்கில். ஏரிகள் இரண்டு: மின்னி ஏரி, ஸ்டோனி ஏரி. சுற்றிலும் டக்ளஸ் லேக் என்ற மாட்டுப்பண்ணை. அந்நாட்டின் மிகப் பெரிய பண்ணைகளிலே ஒன்று அது. 2003ஆம் ஆண்டு அதை வாங்கியவர் ஸ்டான் குரோங்கே என்ற அமெரிக்கக் கோடீசுவரர். இலண்டன் மாநகரின் ஆர்சனல் கால்பந்துக் குழு இருக்கிறதே, அதற்கும் அவரே உடைமையாளர்.

பண்ணை அந்த ஏரிகளிலே டிரவுட் மீன்குஞ்சுகளை விட்டது. காசு கொடுத்து வந்து தங்கும் விருந்தினருக்குத் தூண்டில் போட இடம் கொடுத்தது. ஊரார் வந்த சாலையிலோ கதவு! கதவிலே பூட்டு! பக்கத்து ஊரின் மீன்பிடிப்போர், வேட்டையாடுவோர் கழகம் ஒன்று, நிக்கோலா பள்ளத்தாக்குக் கழகம், பணபலம் படைத்ததன்று; ஆயினும் வழக்கு மன்றம் ஏறிற்று. 2018 டிசம்பரில் மாகாண உயர் மன்றத்து நீதிபதி கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். சாலை பொதுச்சாலை, ஏரி பொது ஏரி, பூட்டைத் திற என்றார். ஊரார் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நிலைத்ததா? 2021 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பை முறித்தது. ஏரி பொதுவாயிருக்கலாம், ஆனால் அதை அடைவதற்காகத் தனியார் நிலத்தைக் கடக்கும் உரிமை இந்த மாகாணத்துச் சட்டத்திலே எங்கும் எழுதப்படவில்லை, எழுதவேண்டுமானால் அது சட்டமன்றத்தின் வேலை என்றது.

கவனியுங்கள் தோழர்களே! அந்த நீதிபதிகளை நான் ஏசமாட்டேன். எழுதாத சட்டத்தைப் படிக்கச் சொல்லி எந்த நீதிபதியை நாம் கேட்க முடியும்? எழுதாதவர்கள் வேறு இடத்திலே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நிலமுடையோர் பக்கத்து வாதத்தையும் கேட்டுவிடுவோம். ஒருதலையாகப் பேசினான் என்ற பழி வேண்டாம். "வருகிறவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான், என் மாடுகள் சிதறி ஓடுகின்றன. தீ மூட்டி அணைக்காமல் போகிறான், என் காடு எரிகிறது. புட்டிகளை எறிந்துவிட்டுப் போகிறான், பொறுக்கியெடுப்பது நான்." உண்மைதான். இதிலே ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்பதற்கான காரணங்களே தவிர, நடக்கவே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. காசு கொடுத்து வரும் விருந்தினரின் கையிலும் புட்டி இருக்கிறது. அந்தப் புட்டி மட்டும் புல்லை உறுத்துவதில்லையோ?

இனி அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு வாருங்கள். அங்கே கூத்து இன்னும் சுவையானது.

1862ஆம் ஆண்டு, பசிபிக் கடல்வரை இருப்புப்பாதை போட, கம்பெனிகளுக்கு நிலத்தை வாரி வழங்கிற்று அந்த நாட்டு அரசு. எப்படி வழங்கிற்று? சதுரங்கப் பலகை போல! 640 ஏக்கர் கொண்ட ஒரு சதுரம் கம்பெனிக்கு, அடுத்த சதுரம் அரசுக்கு. கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், மாறி மாறி. காலம் சென்றது, கம்பெனியின் கட்டங்கள் பல பண்ணையார்கள் கைக்கு வந்தன. விளைவு? பொதுநிலமான வெள்ளைக் கட்டத்தின் நான்கு புறமும் கறுப்புக் கட்டம். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, இரண்டும் முட்டிக்கொள்ளும் மூலையைத் தவிர வேறு வழி கிடையாது. இப்படி மூலையிலே மாட்டிக்கொண்ட பொதுநிலம் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 83 இலட்சம் ஏக்கர் என்று, நிலப்பட விவரம் தொகுக்கும் ஒரு நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. அத்தனையும் மக்களுடையது. அத்தனைக்கும் வழி, ஒரு புள்ளி!

வயோமிங் மாநிலத்தில் எல்க் மலை என்றொரு மலை. மிசூரி மாநிலத்திலிருந்து வேட்டைக்கு வந்த நான்கு பேர், 2021இல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் ஏணி செய்தார்கள். இரும்பு ஏணி. அதை அந்த மூலையிலே நிறுத்தி, இந்தப் பொதுக் கட்டத்திலே ஏறி, அந்தப் பொதுக் கட்டத்திலே இறங்கினார்கள். தனியார் மண்ணிலே ஒரு காலடி படவில்லை. ஒரு புல் நசுங்கவில்லை. எனினும் பண்ணைக்கார நிறுவனம் வழக்குப் போட்டது. மண்ணைத் தொடாவிட்டால் என்ன, மண்ணுக்கு மேலே உள்ள காற்றும் என்னுடையது. அந்தக் காற்றுக்குள் உன் தோள்பட்டை புகுந்தது என்றது! பண்ணையின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று 70 இலட்சம் டாலருக்கும் மேலாக நட்ட ஈடு கேட்டது!

கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன் நான். ஆயினும் பள்ளிக்கூடத்தில் கணக்காசிரியர் சொன்னது மறக்கவில்லை: கோட்டுக்கு நீளமுண்டு, அகலமில்லை, புள்ளிக்கு இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாத புள்ளியிலே 70 இலட்சம் டாலர் விளைகிறது! எந்த உழவனும் கண்டிராத விளைச்சல்.

ஜூரிகள் 2022இல் அந்நால்வரையும் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். நட்ட ஈட்டு வழக்கிலும் 2023இல் அவர்களே வென்றனர். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்டின் தலைமை நீதிமன்றம் பண்ணையின் மனுவை ஏற்க மறுத்தது. எதை வைத்து வென்றார்கள்? ஏணியை வைத்தா? இல்லை! 1885ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் மன்றம் ஒரு சட்டம் செய்திருந்தது. பொதுநிலத்துக்கு எவரும் போக முடியாதபடி வேலி போட்டு அடைப்பது சட்டவிரோதம் என்று, மாட்டுப்பண்ணை மன்னர்கள் கொட்டமடித்த காலத்திலே எழுதி வைத்த சட்டம். அந்தப் பழைய சட்டத்தின் மேலே நின்றதால்தான் ஏணி சாயவில்லை. கனடாவின் தூண்டிற்காரர்களுக்கோ கால் ஊன்ற அப்படியொரு வரி இல்லை.

வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து நாட்டுப் பாட்டாளிகளைக் கேளுங்கள். ஏணிக்காரர்களுக்கு ஜூரி கிடைத்தது. இவர்களுக்குச் சிறை கிடைத்தது.

மான்செஸ்டர்! ஆலைப் புகை அடைத்துக் கிடந்த நகரம். ஆறு நாள் இயந்திரத்தின் இரைச்சல். ஏழாம் நாள் ஞாயிறு. அன்றைக்கேனும் நல்ல காற்று வேண்டுமென்று ஆலைத் தொழிலாளி கிழக்கே பார்க்கிறான்; கிண்டர் மேடு தெரிகிறது. நெருங்கினால், அத்துமீறி நுழையாதே என்ற பலகை! மேடெங்கும் கவுதாரி இனத்துப் பறவைகள். ஆண்டிலே சில நாள் பிரபுக்கள் வந்து சுடுவதற்காக ஆண்டு முழுவதும் காக்கப்பட்ட பறவைகள். சில நாள் துப்பாக்கிக்காகப் பல நாள் காவல்! பறவைக்கு இருந்த இடம் மனிதனுக்கு இல்லை.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்டு என்ற சிற்றூரின் பக்கத்திலே ஒரு பழைய கல்லுடைக்கும் குழி. அங்கே ஏறத்தாழ 400 பேர் கூடினர். ஆலைத் தொழிலாளிகள், வேலையற்ற இளைஞர்கள், பெண்களும் இருந்தனர். பாறை மேலே ஏறிப் பேசினான் பென்னி ரோத்மன். வயது 20. வேலையிழந்து நின்ற மோட்டார் மெக்கானிக். பேசி முடித்தான், கூட்டம் மேட்டை நோக்கி நடந்தது. கையிலே தடியோடு காவலர்கள் குறுக்கே வந்தனர், தள்ளுமுள்ளு, ஒரு காவலருக்கு அடிபட்டது. கூட்டம் மேலே ஏறிற்று. திரும்பி வந்தபோது போலீசு காத்திருந்தது. ஆறு பேர் கைது. டெர்பி நகர மன்றத்திலே, வழக்கை விசாரணைக்கு அனுப்பிய பெரிய ஜூரியில் யார் யார் அமர்ந்திருந்தனர் தெரியுமா? படைத்தளபதிகள், கர்னல்கள், கிராமத்து நிலச்சீமான்கள்! கவுதாரி சுடுகிறவர்களின் தீர்ப்பு கால்நடையாக வந்தவனுக்கு! ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ரோத்மனுக்கு நான்கு மாதம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றிருந்த நடைப்பயணக் கழகங்களின் பெரிய மனிதர்கள் இந்த இளைஞர்களைக் கண்டித்தார்கள். பிரபுக்களோடு பையப் பையப் பேசி வருகிறோம், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு அதுவரை என்ன கிடைத்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சிறைத் தண்டனைச் செய்தி பரவியதும், அதே ஆண்டு வின்னட்ஸ் கணவாயிலே பல்லாயிரவர் திரண்டனர் என்பதும் வரலாறு.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் அந்த மேடு உட்பட்ட பீக் வட்டாரம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. மலை, மேட்டுவெளி, பொதுப்புல்வெளி ஆகியவற்றில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுதப்பட்டது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு. 2002 ஏப்ரலில், எழுபதாம் ஆண்டு விழாவிலே, டெவன்ஷயர் கோமகன் மேடையேறி, தம் பாட்டனார் செய்தது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் வருந்தினார். பெருந்தன்மைதான், பாராட்டுவோம். ஆனால் அதைக் கேட்க ரோத்மன் இல்லை. அதே ஆண்டு சனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார்.

ஸ்காட்லாந்தோ ஒரே தாவலில் தாண்டிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மலை, காடு, ஏரி, ஆறு எங்கும் பொறுப்போடு போகலாம். வீட்டு முற்றம், விளைந்து நிற்கும் வயல் போன்றவை விலக்கு. அங்கும் தொல்லை வந்தது. லோமண்டு ஏரிக் கரையிலே கூட்டம் கூடிக் கூடாரமடித்து, குப்பை போட்டு, மரம் வெட்டி எரித்தது. என்ன செய்தார்கள்? கிழக்குக் கரையிலே 2011இல் விதி போட்டார்கள். 2017 முதல் அந்தத் தேசியப் பூங்காவின் சில கரைகளில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இதை நான் குறை சொல்லமாட்டேன். இன்ன இடம், இன்ன மாதம், இன்ன காரணம் என்று பலகையிலே எழுதி, பணக்காரனுக்கும் பாட்டாளிக்கும் ஒன்றுபோல் போட்ட விதி அது. பூட்டு அப்படியல்ல, பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவனின் முகதாட்சண்யந்தான் விதி.

வழி என்றதும் கார் போகும் சாலையை நினைத்துவிடவும் கூடாது. அமெரிக்கத் தேசியக் காடுகளில் ஏறத்தாழ 5 கோடியே 85 இலட்சம் ஏக்கரில் புதுச்சாலை போடக்கூடாதென்று 2001இல் விதி செய்தார்கள். 2025 சூனில் அந்த விதியை நீக்கப்போவதாக அந்நாட்டு வேளாண்மை அமைச்சர் அறிவித்தபோது, மக்கள் காட்டுக்குள் போகத்தான் சாலை என்று சிலர் பேசினர். மரம் ஏற்றும் லாரிக்குப் போடுகிற சாலையை மக்களின் பேரிலே எழுதுகிறார்கள்! நடப்பவனுக்கு ஒற்றையடிப் பாதை போதும்.

இங்கிலாந்திலே அண்மையில் நடந்ததைக் கேளுங்கள், சிரிப்பீர்கள். டார்ட்மூர் என்ற மேட்டுவெளி. திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக மக்கள் அங்கே நடந்தும் குதிரையிலும் போகலாம் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கூடாரமடித்து ஓரிரவு உறங்குவது வழக்கம். நிலமுடையோர் வழக்குப் போட்டனர். 2023 சனவரியில் வென்றனர். உறங்குவது பொழுதுபோக்காகுமா என்பதே கேள்வி! கற்றறிந்த வழக்கறிஞர்கள் மன்றத்திலே தூக்கத்தைப் பற்றி வாதாடினார்கள். அதே ஆண்டு சூலையில் மேல்முறையீட்டு மன்றம் ஆகும் என்றது. 2025 மே மாதம் தலைமை நீதிமன்றம் ஒருமனதாக அதையே உறுதி செய்தது. அந்த ஒரு வரி 1985இல் எழுதப்பட்டிராவிட்டால், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கவேண்டியதுதான்.

மறுபடி கனடாவுக்குப் போவோம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலே எழுத முயலவில்லையா? முயன்றார்கள். 2017இல் பசுமைக் கட்சித் தலைவர் ஆண்ட்ரூ வீவர், பயிரிடாத தனியார் நிலத்தைக் கடந்து பொது ஏரிக்கும் ஆற்றுக்கும் மக்கள் போகலாம் என்று ஒரு மசோதாவைச் சட்டமன்றத்திலே வைத்தார். அது நிறைவேறவில்லை. அதே கனடாவின் கீழைக் கோடியிலே நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அங்கே குடியிருப்பவர் எவரும், பயிரிடாத நிலத்தின் வழியாக, கால்நடையாக, ஏரிக்கும் ஆற்றுக்கும் மீன் பிடிக்கப் போகலாம் என்று தூண்டில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே மீன். அங்குள்ளவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். இங்குள்ளவன் மேல்முறையீட்டு மன்றத்தின் தீர்ப்பைக் கையிலே வைத்துக்கொண்டு, தன் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கு வழி கேட்கிறான்.